மலையும் கடலும் ஒரே பயணத்தில்: கேரளத்தில் எதை எதோடு சேர்ப்பது?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து சொந்தக் காரில் கேரளம் போய் வரலாம் என்று வீட்டில் பேச்சு. நான், கணவர், ஆறாவதும் மூன்றாவதும் படிக்கும் பிள்ளைகள், என் மாமியார். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி இருப்பதால் படிக்கட்டு ஆகாது. ஆனால் "மேற்குக் கடல்ல சூரியன் இறங்குறதைப் பார்க்கணும்" என்று முதலில் ஆசைப்பட்டவர் அவர்தான். பிள்ளைகளுக்கு மலை வேண்டும், யானை வேண்டும்.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் போட்டுத் தந்த திட்டத்தில் மூணாறு, தேக்கடி, ஆலப்புழை, வர்க்கலா, கோவளம் எல்லாமே ஒரு வாரத்துக்குள் வருகிறது. அத்தையை வைத்துக்கொண்டு இது நடக்குமா? மே மாதம் போவதா, அரையாண்டு விடுமுறையில் போவதா? படகு வீட்டுக்குக் கேட்கும் பணம் தகுமா? போய் வந்தவர்களும் அங்கேயே இருப்பவர்களும் சொல்லுங்கள்.

போடிமெட்டு எழுதியது:

அந்தத் திட்டத்தை ஓரமாக வைத்துவிடுங்கள் தங்கச்சி. வரைபடத்தில் மூணாறும் தேக்கடியும் பக்கத்தில்தான் இருக்கின்றன. சாலையில் அது அரை நாள். தேக்கடியிலிருந்து ஆலப்புழைக்கு இறங்க இன்னொரு அரை நாள். அறைக்குப் போய்ப் பையை வைத்தால் இருட்டிவிடும், காலையில் மறுபடி பையைக் கட்ட வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதைவிடக் காரில் காலை மடக்கியே உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை.

ஒரு மலை, ஒரு கடல். இரண்டும் ஒரே சாலையில் இருக்க வேண்டும். மதுரைக்காரர்களுக்கு அந்தச் சாலை வாசலிலேயே இருக்கிறது: 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. எங்கள் பக்கம் இன்னும் கொச்சி–தனுஷ்கோடி சாலை என்றுதான் சொல்வோம். உசிலம்பட்டி, தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, அடிமாலி, கொச்சி. போடி முந்தலைத் தாண்டினால் மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். காலை வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள். பூப்பாறைக்கு அப்புறம் ஏலக்காய்த் தோட்டங்கள், பிறகு பெரியகானல், கேப் ரோடு. அந்தச் சாலைதான் என்னைக் கேட்டால் மூணாற்றிலேயே நல்ல காட்சி. அதற்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. அத்தை காரில் இருந்தபடியே பார்க்கலாம்.

மூணாற்றில் மூன்று இரவு, கடற்கரையில் மூன்று இரவு. அவ்வளவுதான்.

சேலத்துச் சக்கரம் எழுதியது:

நான் மாறுபடுகிறேன். எல்லோருக்கும் வருடா வருடம் போக வசதி இருக்காது. அத்தைக்கு இது ஒரே வாய்ப்பாகக்கூட இருக்கலாம். அவ்வளவு தூரம் போய்த் தேக்கடியை விட்டுவிட்டோம், கோவளத்தை விட்டுவிட்டோம் என்று பிறகு வருந்துவதைவிட, கொஞ்சம் களைத்தாலும் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. நல்ல ஓட்டுநரை அமர்த்தினால் கணவருக்கும் சிரமமில்லை. என் அப்பா அப்படி ஒரு சுற்றில்தான் இதெல்லாம் பார்த்தார். கடைசிவரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நாஞ்சில்காற்று எழுதியது:

சக்கரம் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே கேட்டிருப்பது சூரியன் கடலில் இறங்குவதை. அது சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஒருமுறைதான் நடக்கும். நாள்தோறும் அந்த நேரத்தில் காருக்குள் இருந்தால் அத்தை எதைப் பார்ப்பார்?

நான் கன்னியாகுமரி மாவட்டம். கடலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் வருகிறார்கள்.

மே மாதம் வேண்டாம். வெயில், புழுக்கம், மாலையில் இடி மழை என்பதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கடலைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது. மார்ச் முதல் மே வரை இந்தக் கரையில் கள்ளக்கடல் வரும். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து திடீரென்று கரையேறும். கரையில் நிற்பவருக்கு எந்த முன்னறிகுறியும் தெரியாது. 2024 மே 6 அன்று எங்கள் மாவட்டத்தில் கணபதிபுரம் பக்கத்திலுள்ள லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். படித்த, திடமான பிள்ளைகள். கடல் எச்சரிக்கையை ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் அன்றைய அறிவிப்பைக் கட்டாயம் பாருங்கள்.

ஜூன் தொடங்கிவிட்டால் தென்மேற்குப் பருவமழை. செப்டம்பர் வரை குளிக்கிற பேச்சே வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அரபிக்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். அப்போதும் சிவப்புக் கொடி நட்டிருந்தால் கால் நனைப்பதோடு சரி. பாறை ஓரங்களில் இறங்க வேண்டாம், நீர் அங்கேதான் உள்ளே இழுக்கும். யாராவது இழுபட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது. கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

எந்தக் கரை என்றால், வர்க்கலாவின் செம்பாறைக் குன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடலோரத்தில் அப்படிச் செங்குத்தாக எழும் சுவர் தென் கேரளத்தில் வேறெங்கும் இல்லை. ஆனால் குன்றின் மேலிருந்து மணலுக்கு இறங்குவது செங்குத்தான படிகளில். உங்கள் அத்தைக்கு ஆகாது. குன்றின் விளிம்பு இடிந்து விழுவதும் உண்டு, ஓடித் திரியும் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடியேதான் இருக்க வேண்டும். வர்க்கலா போயே தீர வேண்டும் என்றால் பாபநாசம் கரைக்குச் சாலை வழியாகப் போங்கள், அல்லது வடக்கே காப்பில் என்ற ஊருக்குப் போங்கள். ஒரு பக்கம் காயல் (உப்பங்கழி), மறுபக்கம் கடல், நடுவே சாலை. காரிலிருந்து இறங்கிச் சில அடி நடந்தால் போதும்.

காயலோரம் எழுதியது:

கொச்சியில் வேலை பார்க்கும் திருச்சிக்காரன். மூணாற்றிலிருந்து இறங்குகிறவர்களுக்கு வர்க்கலாவைவிட மாராரி பொருத்தம். ஆலப்புழைக்கு வடக்கே ஒரு மணி நேரத்தில் பாதிகூட ஆகாது. சமதளமான மணல், தென்னந்தோப்பு, மீன்பிடி வள்ளங்கள். கடைத்தெரு கிடையாது, அதனால் கூட்டமும் குறைவு. கரைக்குப் பக்கத்திலேயே தங்கும் வீடுகள் இருக்கின்றன. தரைத்தள அறை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

படகு வீடு பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கெட்டுவள்ளங்கள் ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லை ஏற்றிக் கொச்சிக்குப் போனவை. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டியவை. அழகுதான். ஆனால் இரவு வாடகை கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மாலை ஐந்தரை மணியோடு படகைக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு காயல் மீனவர்களுக்கு, வலை விரிக்கும் நேரம். ஆக, ராத்திரி முழுவதும் நின்ற படகில் தூங்குவதற்குத்தான் பாதிப் பணம் போகிறது. வேம்பநாட்டுக் காயல் 2002-லிருந்து ராம்சர் எனும் சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள ஈரநிலம். அதன் மேல் இத்தனை படகுகளின் எண்ணெயும் கழிவும் சேர்வதைத் தினமும் பார்க்கிற எனக்கு, அந்தப் பணத்தை அங்கே கொடுக்க மனம் வருவதில்லை.

மாற்று இருக்கிறது. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு. மாராரியில் தங்கினால் கிழக்கே கொஞ்ச தூரத்தில் முகம்மா படகுத்துறை. அங்கிருந்து குமரகத்துக்குக் காயலின் குறுக்கே படகு போகிறது. பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடைக்காரர்கள், அலுவலகம் போகிறவர்கள் எல்லோரும் அதில்தான். சில பத்து ரூபாய்க்குள் போய் அதே துறைக்குத் திரும்பலாம். நேரம் இருந்தால் ஆலப்புழை–கோட்டயம் படகு, சுமார் இரண்டரை மணி நேரம். வயல் கீழே, ஆறு மேலே ஓடுவதைப் பார்க்கலாம். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிக்கும் இந்தக் குட்டநாட்டு முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-ல் உலகின் முக்கியமான வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது. தண்ணீர்முக்கம் தடுப்பணை கடலின் உப்பு உள்ளே வராமல் மறிக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு பாடமே நடத்தலாம்.

ஒன்று மட்டும்: பயணிகள் படகில் ஏறும்போது ஓர் அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஊழியர்கள் கை கொடுப்பார்கள். அதுவும் அத்தைக்குக் கடினம் என்றால் கொச்சி நீர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கியது. மிதக்கும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும், சக்கர நாற்காலியே ஏறும். உயர் நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து போர்ட் கொச்சி போய், சீன வலைகளைப் பார்த்து வரலாம். வாஸ்கோ ட காமாவை 1524-ல் முதலில் புதைத்த பிரான்சிஸ் தேவாலயமும் அங்கே நடக்கும் தூரம்.

குற்றாலச்சாரல் எழுதியது:

யாரும் ரயிலைப் பற்றிப் பேசவில்லையே! முழங்கால் வலிக்காரரைக் காரில் இத்தனை வளைவுகள் ஏற்றி இறக்குவதைவிட, மதுரையில் முற்பகலில் கிளம்பும் குருவாயூர் ரயிலில் உட்கார வைத்தால் எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம். செங்கோட்டை தாண்டியதும் மலை. பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை. 1904-ல் போட்ட பாதை. அகலப்பாதையாக மாற்றி 2018-ல் மறுபடி முழுதாக ஓடத் தொடங்கியது. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் போகும்போது கீழே நெடுஞ்சாலை தெரியும். அத்தனையும் பகல் வெளிச்சத்தில். கொல்லத்தில் இறங்கி வேறு ரயில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வர்க்கலா. மலை வேண்டுமென்றால் திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி, 60 கிலோமீட்டருக்குள். கல்லாறு தாண்டி 22 வளைவுகள். காலையில் மேகத்துக்குள் நின்றுவிட்டு மாலையில் கடலில் கால் நனைக்கலாம்.

போடிமெட்டு எழுதியது:

சாரல் தம்பி, அந்தப் பாதையின் அழகை யாரும் மறுக்க மாட்டார்கள். அது அவர்களுடைய அடுத்த பயணத்துக்கு. பொன்முடி சின்ன இடம், தங்கும் அறைகள் கொஞ்சம். பலத்த மழை என்றால் வனத்துறை சாலையை மூடிவிடும். இரண்டு பிள்ளைகள் மலையில் இரண்டு மூன்று நாள் இருக்க ஆசைப்பட்டால் மூணாறுதான்.

தேயிலைமகள் எழுதியது:

மூணாறு என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் பிறந்தது அங்கே ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில். இப்போது கோவையில் இருக்கிறேன், அம்மா இன்னும் அங்கேதான்.

மதுரையிலிருந்து போகிறவர்கள் மூணாற்றை வெளியூராக நினைக்க வேண்டாம். தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கங்காணிமார் அழைத்துப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். 1924 வெள்ளத்தில் பழைய மூணாறு அடித்துப் போனது. அங்கே ஓடிய சிறிய ரயிலும் அதோடு போனது. டாப் ஸ்டேஷன் போவீர்கள் அல்லவா? முன்பு தேயிலைப் பெட்டிகள் அந்த உச்சியிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டக்குடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியூர் போயின. டாப் ஸ்டேஷன் இருப்பது தேனி மாவட்டத்தில். பாதித் தூரம் கேரளத்தில் ஓட்டிப் போய்த் தமிழ்நாட்டில் நின்று பார்ப்பீர்கள்.

2015 செப்டம்பரில் எங்கள் பெண்கள் போனசுக்காகவும் கூலிக்காகவும் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்போதுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. தொழிற்சங்கத் தலைவர்கள் யாரையும் முன்னால் விடாமல் தாங்களே நின்று பேசினார்கள். தேயிலைச் சரிவில் படம் எடுக்கும்போது, அங்கே கூடையோடு நிற்கிற அக்காவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். உள்ளே இறங்கிச் செடியை மிதிக்காதீர்கள். அவர் பறிக்க வேண்டிய கொழுந்தின் அன்றைய நிறைக் கணக்கு அது.

ராஜமலைக்குப் போகும்போது பெட்டிமுடியை நினைத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மழைக்காலத்தில் "பச்சையா இருக்கும், கூட்டம் இருக்காது, வாங்க" என்று விளம்பரம் செய்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த மலைகளில் பிள்ளைகளைக் கூட்டிப் போவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் நிலச்சரிவில் முண்டக்கை, சூரல்மலை என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்தோம்.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். அரையாண்டு விடுமுறை நல்லது. இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாடுகள் குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடியிருக்கும். டிசம்பரில் திறந்திருக்கும். நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வரிசையிலேயே காலை போய்விடும். வனத்துறை வண்டியில் ஏற்றி மேலே விடுவார்கள். அதன்பிறகு தார்ச்சாலையில் மெதுவான ஏற்றம். அத்தை இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் போதும், வரையாடுகள் சாலையோரத்துக்கே வந்து மேயும். நம் மாநில விலங்கை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது பிள்ளைகளுக்கு மறக்காது. எதிரே நிற்பது ஆனைமுடி, 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரம். குறிஞ்சிப் பூ இப்போது இருக்காது. 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான்.

கொழுக்குமலை ஜீப் பயணம் என்று யாராவது சொன்னால் அத்தையை ஏற்றாதீர்கள். அந்தப் பாதை நல்ல காலுக்கே உதறலெடுக்கும்.

வைகைக்கரை எழுதியது:

தேயிலைமகள் அக்கா, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அத்தையின் சித்தப்பா குடும்பம் அந்தக் காலத்தில் மூணாறு பக்கம் தோட்ட வேலைக்குப் போனதாம், இன்றுதான் சொல்கிறார். எந்த எஸ்டேட் என்று அவருக்கு நினைவில்லை.

அப்படியென்றால் டிசம்பர், மூணாறு, மாராரி என்று முடிவு செய்கிறோம். இரண்டு சந்தேகம். சின்னவன் யானை யானை என்று உயிரை வாங்குகிறான், அதற்குத் தேக்கடி போகாமல் முடியுமா? திரும்பி வரும்போது கோட்டயம், குமுளி வழியாக வரலாமா?

போடிமெட்டு எழுதியது:

யானையைத் தேடிப் போக வேண்டாம் தங்கச்சி. சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் அதுவே சாலைக்கு வரும். 2023-ல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரே மாதத்தில் கம்பம் ஊருக்குள் நடந்து வந்தான். கடைசியில் நம் வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டது. அந்த நாட்களில் கம்பத்துக்காரர்கள் பட்ட பயமும், அந்த மிருகம் பட்ட பாடும் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஆரன் அடிக்க வேண்டாம், இறங்க வேண்டாம், முன் வண்டியை முந்த வேண்டாம். அது போன பிறகு போகலாம். சின்னவன் காருக்குள்ளிருந்தே பார்க்கட்டும்.

குமுளி வழி டிசம்பரில் சரிப்படாது. சபரிமலைக் காலம். மண்டல பூசை டிசம்பர் 26, 27 வாக்கில் வரும், பிறகு மகரவிளக்கு. தேனியிலிருந்து கம்பம் வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிதான். நெரிசலைப் பொறுத்துக் கம்பம்மெட்டு வழியாக ஒருவழிப் பாதையும் ஆக்குவார்கள். அதனால் போன வழியே திரும்புங்கள். மாராரியில் விடியற்காலை கிளம்பினால் நேரியமங்கலம், அடிமாலி ஏறி, மதியச் சாப்பாட்டை மலையில் முடித்து, வெளிச்சத்திலேயே போடி இறங்கிவிடலாம். அன்றைக்குக் கொஞ்சம் நீண்ட நாள்தான், தேனியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டால் அத்தைக்கு ஓய்வு.

சேலத்துச் சக்கரம் எழுதியது:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். இந்தக் குடும்பத்துக்கு இந்தத் திட்டம் சரிதான். ஒன்று மட்டும் சேர்க்கச் சொல்வேன்: மூணாற்றிலிருந்து ஒரு பகலை மறையூருக்கு ஒதுக்குங்கள். உடுமலைச் சாலையில் போனால் சந்தனக் காடு, முனியறைகள் என்கிற பெருங்கற்காலக் கல்லறைகள், கரும்பு ஆட்டிச் சுடச்சுட வெல்லம் உருட்டும் கொட்டகைகள். மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழை மறைவுப் பகுதி, மூணாற்றுக் குளிரும் அங்கே இருக்காது, அத்தைக்கு இதமாக இருக்கும்.

காயலோரம் எழுதியது:

நாள் குறிக்கும்போது டிசம்பர் 31-ஐ மட்டும் தவிர்த்துவிடுங்கள். போர்ட் கொச்சியில் அன்று இரவு பாப்பாஞ்சி என்ற பெரிய கிழவன் பொம்மையை எரிப்பார்கள், சுற்றுவட்டாரமே திணறும். ஆலப்புழை வரை அறை வாடகையும் ஏறிவிடும். விடுமுறை தொடங்கியதும் கிளம்பி, 30-ஆம் தேதிக்குள் ஊர் திரும்ப மலை ஏறிவிட்டால் தப்பித்தீர்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், அத்தைக்குச் சிவப்பு மட்டை அரிசி ஒத்துக்கொள்ளாவிட்டால் வெள்ளைச் சோறு கேளுங்கள், பெரும்பாலான கடைகளில் தருவார்கள்.

வைகைக்கரை எழுதியது:

எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒன்று: டிசம்பரில் மூணாற்றுக் குளிர் எவ்வளவு இருக்கும்? மதுரைக்காரர்களிடம் கம்பளிச் சட்டையே கிடையாது.

தேயிலைமகள் எழுதியது:

பகலில் நல்ல வெயில் இருக்கும், மெல்லிய முழுக்கைச் சட்டை போதும். சூரியன் சாய்ந்ததும் சட்டென்று இறங்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் செண்டுவரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படியும். அத்தைக்குக் காலுறை, காதை மூடும் குல்லா, முழங்காலுக்குக் கம்பளி உறை கட்டாயம். குளிரில் மூட்டு வலி கூடும். அறை எடுக்கும்போது வெந்நீர் நாள் முழுவதும் வருமா என்றும், படியில்லாமல் வாசலிலேயே கார் நிற்குமா என்றும் போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மூணாற்றில் பாதி விடுதிகள் சரிவில் கட்டியவை, வரவேற்பறை மேலே, அறை நாற்பது படி கீழே. கம்பளி இங்கேயிருந்து வாங்கிச் சுமக்க வேண்டாம், மூணாறு கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

அத்தையின் சித்தப்பா பெயரும், ஊரிலிருந்து கிளம்பிய கிராமமும் தெரிந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அம்மாவிடம் கேட்கிறேன். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு யார் எந்த ஊரிலிருந்து எந்த டிவிஷனுக்கு வந்தார்கள் என்பது மனப்பாடம்.